திண்டுக்கல் வீட்டுக்கு எத்தனை சென்சார் தேவை?

இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசல், கொல்லை, மாடிப்படி என வெளிக்கதவுகள் 3. ஜன்னல்கள் 7. ஆக, திறப்புகள் 10. வயர்லெஸ் சென்சார் விற்பவர் 10 சென்சாருக்கே விலைப்பட்டியல் கொடுப்பார். ஒன்று ரூ.1,200 என்றால் ரூ.12,000. ஆனால் திண்டுக்கல் வட்டாரத்தில் ஜன்னல் என்றால் நிலைச்சட்டத்தில் இறுகப் பொருத்திய இரும்புக் கம்பி உண்டு. ஜன்னல் கதவு திறந்தாலும் ஆள் நுழைய முடியாது. மார்ச் பிறந்தால் இரவெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்குகிறோம். அந்த 7 சென்சாரும் விடிய விடிய ‘திறந்திருக்கிறது’ என்ற ஒரே தகவலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அவற்றை நீக்கினால் எண்ணிக்கை 70 சதவீதம் குறைகிறது, செலவு ரூ.3,600 ஆகிறது. கம்பியில்லாக் கண்ணாடி ஜன்னல் கொண்ட நாடுகளுக்காகப் போட்ட எண்ணிக்கையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இக்கட்டுரையின் கணக்கெல்லாம் 3 கதவுக்கானது. பொருள் விலைகள் கணக்குக்காக முழு எண்ணில் வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும். வாசகர் தம் விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

கருவி எளிமையானது. நிலையில் ஒட்டும் சிறு பெட்டிக்குள் ஒரு ரீட் சுவிட்ச். கதவில் ஒட்டும் துண்டுக்குள் ஒரு காந்தம். கதவு சாத்தியிருந்தால் காந்தம் சுவிட்ச்சை இழுத்துப் பிடிக்கிறது, விலகினால் விட்டுவிடுகிறது. கதவு, ஜன்னல் திறந்தால் மின்சுற்று வழியே மணியடிக்கும் அமைப்புக்கு அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்ற ஆண்டு 1853. பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் ரீட் சுவிட்ச்சை உருவாக்கியது 1936-இல். புதிதாக வந்தது கம்பியில்லாத் தொடர்பு மட்டுமே. காந்தத்துக்கும் சுவிட்ச்சுக்கும் இருக்கலாம் எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் இடைவெளி பெரும்பாலும் 15 முதல் 22 மில்லிமீட்டர். மரக்கதவில் இது சிக்கலில்லை. இரும்புக் கதவில் காந்தப்புலத்தின் ஒரு பகுதியை இரும்பே ஈர்த்துக்கொள்வதால் இந்த எல்லை சுருங்கும். 5 மில்லிமீட்டருக்குள் வைத்து ஒட்டுவதே நல்லது. இரட்டைக் கதவில் முதலில் திறக்கும் கதவில்தான் காந்தம் இருக்க வேண்டும். மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்ட மற்றொரு கதவில் ஒட்டினால், ஆள் உள்ளே வந்த பிறகும் சென்சார் பேசாது.

இந்த 22 மில்லிமீட்டரில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கதவு அவ்வளவு நகர்ந்த பிறகுதான் தகவல் புறப்படும். அதற்குள் பூட்டு உடைக்கப்பட்டிருக்கும். திருடனுக்குச் செலவாகும் நேரத்தைக் கூட்டுவது பூட்டு. அந்த நேரம் முடிந்ததும் சேதி சொல்வது சென்சார். பூட்டு 5 நிமிடம் தாங்கினாலும் சரி, 5 விநாடியில் கழன்றாலும் சரி, சென்சார் பேசும் கணம் ஒன்றுதான். ஆகவே முதல் செலவு பூட்டுக்கும் நாதாங்கிக்கும். நல்ல பூட்டைக் கடப்பாரையால் உடைப்பதைவிட, 2 சிறு திருகில் நிற்கும் நாதாங்கியைப் பெயர்ப்பது எளிது. மரத்துக்குள் அரை அங்குலம் போகும் திருகை எடுத்துவிட்டு, கதவின் மறுபுறம் வரை ஊடுருவி நட்டால் இறுக்கும் போல்ட் போடும் செலவு ஒரு சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

பூட்டைப் பற்றி இந்த ஊரில் எண்களோடு பேசலாம். திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1957-இல் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாதத்தில் இதே மாவட்டத்தின் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. இங்கே செய்யும் மாங்காய்ப் பூட்டின் உள்ளே இருப்பவை கையால் அராவிய லீவர் தகடுகள். ஒரு பூட்டில் 6 லீவர், ஒவ்வொன்றுக்கும் 4 உயரம் என்று வைத்தால் 4 × 4 × 4 × 4 × 4 × 4, அதாவது 4,096 வெவ்வேறு சாவிகள். ஒரு லீவர் கூடினால் 16,384. சாவி திரும்பும்போது மணியொலி எழுப்பும் மணிப் பூட்டும் இங்கே செய்யப்பட்டது. கதவில் யாரோ கை வைத்திருக்கிறார் என்று வீட்டுக்காரருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. பேட்டரி இல்லாமல் சொன்னது. சென்சாரின் மூதாதையாக இந்த ஊர் மணிப் பூட்டைத்தான் வைப்பேன்.

பேட்டரிக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்; சென்சார் வாங்கியவர் அதைக் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். வாசற்கதவு நாளொன்றுக்கு 20 முறை திறந்து 20 முறை மூடுகிறது என்றால் 40 நிகழ்வுகள். வைஃபை சென்சார் ஒவ்வொரு நிகழ்வுக்கும் விழித்து, ரவுட்டரைப் பிடித்து, செய்தி அனுப்பி உறங்க 4 விநாடி, சராசரியாக 80 மில்லி ஆம்பியர் என வைப்போம். ஒரு நிகழ்வுக்கு 0.089 மில்லி ஆம்பியர் மணி, 40-க்கு 3.56. உறக்க நிலையில் 20 மைக்ரோ ஆம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்கு 0.48. நாள் மொத்தம் 4.04. தொடராக இணைத்த 2 ‘ஏஏஏ’ பேட்டரியின் கொள்திறன் 1,000 மில்லி ஆம்பியர் மணி. வகுத்தால் 247 நாள்.

ஜிக்பீ எனும் குறைமின் கம்பியில்லா முறையில் இயங்கும் சென்சார் இதே 40 நிகழ்வுக்கு, ஒவ்வொன்றும் 0.05 விநாடி, 15 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 0.008 மில்லி ஆம்பியர் மணிதான் எடுக்கிறது. உறக்கத்துக்கு 5 மைக்ரோ ஆம்பியர் வீதம் 0.12. நாள் மொத்தம் 0.128. வைஃபையின் 31-இல் ஒரு பங்கு. சிஆர்2032 பொத்தான் பேட்டரியின் 220 மில்லி ஆம்பியர் மணியை இதனால் வகுத்தால் 1,700 நாளுக்கு மேல் வரும். காகிதக் கணக்கை நம்பாமல், பல தயாரிப்பாளர்கள் சொல்லும் 2 ஆண்டையே எடுத்துக்கொள்கிறேன். 5 ஆண்டில் 3 கதவுக்கு ஜிக்பீயில் 6 முறை பேட்டரி மாற்ற வேண்டும். வைஃபையில் ஒவ்வொரு கதவுக்கும் 7 வீதம் 21 முறை. பொத்தான் பேட்டரியின் விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் கடும் புண் உண்டாக்கக்கூடியது. மாற்றியெடுத்த பழையதற்கும் இது பொருந்தும்.

இனி 5 ஆண்டுச் செலவு. ஜிக்பீ: சென்சார் 3-க்கு ரூ.3,600, சென்சாரின் செய்தியை ரவுட்டருக்குக் கடத்தும் ஹப் ரூ.2,000, பேட்டரி 6-க்கு ரூ.50 வீதம் ரூ.300. ஹப் 2 வாட் எடுத்தால் ஆண்டுக்கு 17.52 யூனிட், 2024 ஜூலை கட்டண விகிதத்தில் யூனிட் ரூ.4.80 அடுக்கில் ரூ.84, 5 ஆண்டுக்கு ரூ.420. மொத்தம் ரூ.6,320. வைஃபை: சென்சார் 3-க்கு ரூ.900 வீதம் ரூ.2,700, பேட்டரி 42-க்கு ரூ.20 வீதம் ரூ.840, மொத்தம் ரூ.3,540. பணத்தில் வைஃபை ரூ.2,780 குறைவு, பேட்டரி மாற்றும் வேலையில் 15 முறை அதிகம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இந்த 15 முறைக்குத்தான் கூடுதல் மதிப்பு என்று தோன்றுகிறது.

ஆனால் பட்டியலில் பெரிய தொகை சென்சாருக்குப் போவதில்லை. மாதம் ரூ.399 இணையத் திட்டத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.470.82. 60 மாதத்துக்கு ரூ.28,249. ரவுட்டர் 8 வாட் என்றால் 5 ஆண்டில் 350.4 யூனிட், ரூ.1,682. இரண்டும் சேர்ந்து ரூ.29,931. ஜிக்பீ செலவையும் கூட்டினால் ரூ.36,251, இதில் இணையத்தின் பங்கு 82.6 சதவீதம். வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் இந்தத் தொகை கணக்கில் சேராது. சென்சாருக்காகவே இணைப்பு எடுப்பவர் தாம் வாங்குவது என்ன என்பதை இந்த சதவீதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அந்த இணைப்பும் எல்லா நேரமும் இருக்காது. துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை எனக் கொண்டால் ஆண்டுக்கு 96 மணி நேரம். 8,760 மணி நேரத்தில் இது 1.1 சதவீதம், சிறியதாகத் தெரியும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு, ஆண்டில் 300 நாள், நாளுக்கு 8 மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது: 2,400 மணி நேரம். மின்தடையின் 96 மணி நேரமும் பெரும்பாலும் அதற்குள்தான் விழும். அப்போது அது 4 சதவீதம். எந்தப் பகுதியில், எந்த மணி முதல் எந்த மணி வரை மின்சாரம் இருக்காது என்று முந்தைய நாளே நாளிதழில் வந்துவிடுகிறது. படிப்பவர்களில் திருடனும் இருக்கலாம். தீர்வு மலிவு. ஹப்பும் ரவுட்டரும் சேர்ந்து 10 வாட். 8 மணி நேரத்துக்கு 80 வாட் மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி இன்வெர்ட்டர் பேட்டரியின் 1,800 வாட் மணியில் இது 4.4 சதவீதம். ரவுட்டர் செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை மெயினை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இணையமே இல்லாமல் சைரன் மட்டும் வைத்தால்? 1 மீட்டரில் 100 டெசிபல் ஒலி, திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 32 மீட்டரில் 70 டெசிபல். பகலிலும் காதில் விழும். 9 அங்குலச் செங்கல் சுவர் 45 டெசிபலுக்குக் குறையாமல் தடுக்கும் என்பதால், சைரன் வீட்டுக்குள் அல்ல, வெளியே சன்ஷேடுக்கு அடியில் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். 32 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3,217 சதுர மீட்டர். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகர மக்கள்தொகை 2,07,327, பரப்பு 14.01 சதுர கிலோமீட்டர். அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 14,798. அந்த வட்டத்துக்குள் வருவோர் சராசரி 48 பேர். மாவட்ட அடர்த்தி 357. அதன்படி அதே வட்டத்துக்குள் ஒருவர். மாவட்டச் சராசரியில் கொடைக்கானல் மலைக் காடுகளும் அடங்கும் என்பதால் சமவெளியின் எண் இதைவிடக் கூடுதலாக இருக்கும். இரு மடங்கு என்று வைத்தாலும் 2 பேர்தான். அதில் ஒருவர் பூப்பறிக்கப் போயிருக்கலாம்.

இணையமில்லாத இந்தச் சைரன் ஏற்பாட்டின் செலவு: 433 மெகா ஹெர்ட்ஸ் சென்சார் 3-க்கு ரூ.400 வீதம் ரூ.1,200, சைரனோடு கூடிய பெட்டி ரூ.1,500, ஆண்டுக்கொரு முறை மாற்றும் 12 வோல்ட் பேட்டரி 12-க்கு ரூ.480, மின்சாரம் ரூ.420. 5 ஆண்டுக்கு ரூ.3,600. புதிதாக இணைய இணைப்பு எடுத்து அமைக்கும் ரூ.36,251-இல் பத்தில் ஒரு பங்கு. இந்த மலிவுக்கு ஒரு விலை உண்டு. இவ்வகைச் சென்சார் பலவற்றின் அடையாள எண் 20 பிட், 10,48,576 வாய்ப்புகள். மாங்காய்ப் பூட்டுக்குப் போட்ட 4,096-ஐப் போல 256 மடங்கு. ஆனால் அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறாமல் காற்றில் போகிறது. ஒருமுறை பதிவு செய்தவர் திருப்பி அனுப்பலாம். சென்சாரின் எண்ணைத் திருப்பி அனுப்பினால் சைரன்தான் அலறும். கையடக்க ரிமோட்டின் ‘அணை’ எண்ணைத் திருப்பி அனுப்பினால் காவலே அணைந்துவிடும். எனவே பெட்டியோடு வரும் ரிமோட்டைப் பயன்படுத்தாமல், உட்சுவரில் உள்ள விசைப்பலகையில் எண் அழுத்தி அணைப்பதே சரி. ஜிக்பீ 128 பிட் மறையாக்கம் கொண்டது. இந்த வழி அங்கே அடைபட்டிருக்கிறது.

ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குக் கணக்கு வேறு. சைரன் கேட்க ஆளில்லாத இடத்தில் தொலைபேசி அழைப்புத்தான் பயன்படும். சிம் போட்டு, கதவு திறந்ததும் 5 எண்களுக்கு வரிசையாக அழைக்கும் பெட்டி ரூ.4,000, சென்சார் ரூ.1,200, பேட்டரி ரூ.480, மின்சாரம் ரூ.420. 84 நாளுக்கு ரூ.470 வீதம் 5 ஆண்டில் 22 ரீசார்ஜ், ரூ.10,340. மொத்தம் ரூ.16,440, இணைய இணைப்போடு கூடிய ஏற்பாட்டில் 45 சதவீதம். வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் மோட்டார் ரூமுக்கும் காவல் வேண்டும் என்றால், உரிமம் தேவையில்லாத 865–868 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசைச் சென்சாரைக் கேட்டு வாங்க வேண்டும். அதே ஆற்றலில், தடையற்ற வெளியில், 2.4 கிகா ஹெர்ட்ஸைவிட 2.77 மடங்கு தூரம் போகும்.

தோட்டத்து வீட்டுக்காரர் அந்த 5 எண்களில் முதல் எண்ணாகத் தம் எண்ணைப் போட வேண்டாம். 10 கிலோமீட்டர் தள்ளிச் சந்தையில் நிற்கும்போது அழைப்பு வந்து பயனில்லை. அடுத்த தோட்டத்துக்காரரிடம் சொல்லிவைத்து, அவர் எண்ணை முதலில் போடுங்கள்.