பெட் ஸ்கேனுக்கு லேட்டா போகாதீங்க! உடம்புக்குள் நடக்கும் 'இரட்டை வேட' மோதல்

கோடம்பாக்கம்:-

இரட்டை வேடம் என்றால் கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே முகம், குணம் மட்டும் நேர் எதிர். இயற்கையிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. எலக்ட்ரானுக்கு நெகட்டிவ் மின்சாரம். அதே எடை, பாசிட்டிவ் மின்சாரம் என்றால் அது பாசிட்ரான். டிராக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானியின் கணக்கில் இருந்து கிளம்பிய இந்தத் துகளை 1932-ல் அமெரிக்காவின் கார்ல் ஆண்டர்சன் நிஜமாகவே கண்டுபிடித்தார்.

சினிமாவில் கிளைமாக்சில் ஒருத்தராவது மிஞ்சுவார். இங்கே ரெண்டும் சந்தித்தால் ரெண்டுமே காலி! அவற்றின் எடை முழுவதும் சக்தியாக மாறி, எதிரெதிர் திசையில் 2 காமா கதிர்களாகப் பாய்ந்துவிடும்.

புற்றுநோய்க்கு எடுக்கிறார்களே பெட் ஸ்கேன், அதில் இந்த மோதல் நோயாளியின் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. இந்தியாவில் 2002-ல் மும்பையில் தொடங்கிய இந்த ஸ்கேன், இப்போது சென்னையில் பல இடங்களில் இருக்கிறது.

புளோரின்-18 சேர்த்த சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கும். புளோரின் வெளிவிடும் பாசிட்ரான், சில மில்லிமீட்டருக்குள் ஒரு எலக்ட்ரானிடம் சிக்கி மறையும். சுற்றியுள்ள வளையத்தில் எதிரெதிர் பக்கம் ஒரே நேரத்தில் கதிர் பட்டால், மோதல் அந்த நேர்கோட்டில்தான் நடந்தது என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்ததுதான் படம்.

இங்கேதான் ஆற்காடு ரோடு டிராபிக் வில்லனாகிறது. இந்த மருந்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. 110 நிமிடத்தில் பாதி வீரியம் போய்விடும். 220 நிமிடத்தில் கால்வாசிதான் மிச்சம். அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுங்க.

வழியில் ஒரு டீ குடிக்கலாமே என்று நினைக்க வேண்டாம். பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் மட்டும் ஓகே. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் படம் சரியாக வராது, ஸ்கேனையே தள்ளிவைக்கலாம். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் பற்றி முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

படத்தில் பளிச்சென்று தெரிந்ததும் வீட்டார் பதறிப்போகிறார்கள். மூளையும் சிறுநீர்ப்பையும் எல்லோருக்குமே பளிச்சென்றுதான் தெரியும். காசநோய் இருந்தாலும் அந்த இடம் மின்னும். படத்தை நீங்களே பார்த்து முடிவு கட்டாதீங்க, டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் நிறைய தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். சில மணி நேரத்துக்குக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கத்தில் நெருங்கி உட்கார வேண்டாம்.