87 வந்தால் என்ன சொல்வீர்கள்?

ஊரும் ஆட்டமும் – 11

தம்போலா ஆட்டத்தில் 87 விழுந்தால், மைக் பிடித்திருப்பவர் "எட்டு, ஏழு, எண்பத்தேழு" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குக் கையை விடுவார். புதுக்கோட்டையில் அப்படித் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கட்சி. திருமயம் கோட்டையைக் கிழவன் சேதுபதி கட்டியது 1687-இல். சரியாக 200 வருஷம் கழித்து, 1887-இல், அதே திருமயத்தில் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. ஒரே எண்ணுக்குள் கோட்டையும் இருக்கிறது, அந்தக் கோட்டை ஊரிலிருந்து கிளம்பி வெள்ளைக்காரனை எதிர்த்து முழங்கிய குரலும் இருக்கிறது. ஒரு எண் முன்னால் போனால் 86. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தது 1886-இல். 48 வந்தால் 1948 மார்ச் 3, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த நாள். 74 வந்தால் 1974 ஜனவரி 14, புதுக்கோட்டை தனி மாவட்டமான நாள். 20 வந்தால் ஜெமினி கணேசன். 24 வந்தால் சமணத் தீர்த்தங்கரர்கள், கூடவே சித்தன்னவாசல்.

எந்த ஊருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியவையும் நம்மிடம் நிறைய உண்டு. 12 ஆழ்வார், 63 நாயன்மார், 27 நட்சத்திரம், 30 திருப்பாவை, 60 தமிழ் வருஷம், 72 மேளகர்த்தா. அப்படியிருந்தும் 22 வந்தால் "இரண்டு வாத்துக்குஞ்சு" என்று இங்கிலாந்து வழக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பொங்கல் விழா, கொலு, மகளிர் தினம், குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழா என்று எது வந்தாலும் இப்போது தம்போலா வந்துவிடுகிறது. பொங்கல் ஸ்பெஷல், நவராத்திரி ஸ்பெஷல் என்று பெயரும் வைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த ஸ்பெஷல் சீட்டின் ஓரத்தில் அச்சடித்த கரும்புப் படத்தோடு நின்றுபோகிறது. கிறிஸ்துமஸ் சீட்டுகள் இன்னும் மோசம். பனியும் கலைமானும் வரைந்த சீட்டை டவுன்லோடு செய்து ஆடுகிறோம். ஆவூர் மாதா கோவிலைச் சுற்றியுள்ள பொட்டல் மண்ணில் எந்தக் காலத்தில் பனி பெய்தது?

பண்டிகைக்கென்று ஆட்டம் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடியவர்கள் நாம். அந்தப் படத்தில் ஏணியும் பாம்பும் அந்த நாளின் கதையையே சொல்லும். ஆட்டத்திலிருந்து பண்டிகையைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. தம்போலாவும் பண்டிகையில் வளர்ந்த ஆட்டம்தான். 1734 வாக்கில் இத்தாலியின் நேப்பிள்ஸில், லாட்டரியைச் சட்டப்படி நடத்த விரும்பிய அரசர் சார்லஸுக்கும், அது பாவம் என்று வாதாடிய ரோக்கோ பாதிரியாருக்கும் தகராறு வந்தது. கடைசியில், கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் லாட்டரி நிறுத்தப்படும் என்று சமரசம் ஆனதாம். ஜனங்கள் விடுவார்களா? அந்த வாரத்தில் 90 எண்களையும் கூடையில் போட்டுக் குலுக்கி வீட்டுக்குள்ளேயே ஆடினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அவர்களிடம் ஒரு படமும் ஒரு கதையும் உண்டு. 25 என்றால் கிறிஸ்துமஸ், 90 என்றால் பயம். கூப்பிடுகிறவர் எண்ணைச் சொல்வதோடு விடமாட்டார், கதையையும் சேர்த்துச் சொல்வார். அந்த ஆட்டம் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடும் கிளப்புகளோடும் இந்தியாவுக்கு வந்தபோது எண்கள் மட்டும் வந்தன, கதைகள் அங்கேயே நின்றுவிட்டன. இங்கே அந்த இடத்தை நம் கதைகளால்தான் நிரப்ப வேண்டும்.

சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக 3 வரிசை, இடமிருந்து வலமாக 9 பத்தி, மொத்தம் 27 கட்டம். வரிசைக்கு 5 எண் வீதம் 15 எண்கள், மீதி 12 கட்டம் காலி. முதல் பத்தியில் 1 முதல் 9 வரை, இரண்டாவதில் 10 முதல் 19 வரை, இப்படியே போய்க் கடைசிப் பத்தியில் 80 முதல் 90 வரை வரும். ஆறு சீட்டு சேர்ந்த ஒரு முழுத் தாளில் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒரே ஒரு தடவை இருக்கும். முழுத் தாள் வாங்கியவருக்கு ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஏதாவது ஒரு சீட்டில் வேலை உண்டு.

இந்தச் சீட்டு நவராத்திரிக்கென்றே செய்தது போல் அமைந்திருக்கிறது. 9 பத்தி, 9 நாள். 3 வரிசை, 3 கொலுப்படி. முதல் மூன்று பத்தி துர்க்கைக்கு, நடு மூன்று லட்சுமிக்கு, கடைசி மூன்று சரஸ்வதிக்கு. மேல் வரி, நடு வரி, கீழ் வரி என்று வழக்கமாக ஆடுவதற்குப் பதிலாக "துர்க்கை முடிந்தது", "சரஸ்வதி முடிந்தது" என்று பரிசு கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மூன்று பத்திகளுக்குள் எத்தனை எண் விழுகிறது என்பது சீட்டுக்குச் சீட்டு மாறும். ஒருவருடைய துர்க்கைப் பகுதியில் நாலே எண் இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு ஆறு இருக்கும். சீட்டு கொடுக்கும் முன்பே எண்ணிப் பார்த்து, மூன்று பகுதியிலும் ஐந்தைந்து வருகிற சீட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டால் சண்டை வராது.

பரிசுக்கு எங்கும் தேட வேண்டாம், புதுக்கோட்டையிலேயே அம்மன் காசு இருக்கிறது. சமஸ்தானம் சொந்தமாக வெளியிட்ட சின்னச் செப்புக் காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். 20 அம்மன் காசு சேர்ந்தால் ஒரு அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். தசரா நாட்களில் அரண்மனையில் ஜனங்களுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுத்தார்கள். ஊரின் நவராத்திரி ஞாபகம் அந்தக் காசில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அட்டையில் வட்டம் வெட்டி அம்மன் காசு செய்துகொள்ளுங்கள். முதலில் 5 எண் அடித்தவருக்கு 5 காசு, துர்க்கைக்கு 5, லட்சுமிக்கு 5, சரஸ்வதிக்கு 5, ஃபுல் ஹவுஸுக்கு 20, அதாவது முழுசாக ஒரு அணா. ஒன்பது நாளும் காசைச் சேர்த்து வைத்து, விஜயதசமி அன்று தாம்பூலத்தோடு பொருளாக மாற்றிக்கொள்ளலாம். ஆதனக்கோட்டை முந்திரி ஒரு பொட்டலத்துக்கு இத்தனை காசு, எவர்சில்வர் சம்படத்துக்கு இத்தனை காசு என்று வீட்டுக்காரர்களே விலை வைக்கட்டும்.

நிஜப் பணம் வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு 2003-இல் லாட்டரிச் சீட்டை நிறுத்தியது, கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போய்க் குடும்பங்கள் அழிந்ததைக் கண் முன்னால் பார்த்த பிறகுதான். சீட்டுக்கு 10 ரூபாய்தானே என்று ஆரம்பிக்கிற ஆட்டம் குழந்தைகள் எதிரிலேயே நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பொங்கலுக்கு வேறு பாணி. மாநிலத்தில் வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வக்கோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். மைக்கில் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொள்ள வாடிவாசலை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எந்த ஊர்க் காளை, யாருடைய காளை, பிடித்தால் என்ன பரிசு என்று சொல்லிச் சொல்லியே அங்கே கூட்டத்தைக் கட்டிப் போடுவார்கள். பொங்கல் தம்போலாவில் எண்ணைக் காளையாக அவிழ்த்துவிடலாம். "வருது வருது, திருமயம் கோட்டைக் காளை, எண்பத்தேழு, யார் சீட்டுல நிக்குது பாருங்க!" என்று ஒருவர் கூப்பிட்டால் பின்வரிசைத் தாத்தாவும் எழுந்து உட்கார்வார்.

அடையாளம் வைக்கப் பேனா எதற்கு? அமெரிக்காவில் பிங்கோவைப் பரப்பிய எட்வின் லோ, 1929-இல் ஜார்ஜியா மாநிலத்துத் திருவிழாச் சந்தை ஒன்றில் முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தில் அவரைக்கொட்டையைத்தான் கட்டத்தில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நாம் தை மாதத்தில் மொச்சைக்கொட்டை வைக்கலாம், நவராத்திரியில் சுண்டலுக்கு ஊறப்போடும் கொண்டைக்கடலை வைக்கலாம், கோடையில் பல்லாங்குழிக்கு எடுத்து வைத்த புளியங்கொட்டை வைக்கலாம். சீட்டும் கிழியாது, அடுத்த ஆட்டத்துக்கும் ஆகும்.

மகளிர் தினம் வரும்போதுதான் 90 எண் போதாமல் போகிறது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் எடுத்த வருஷம் 1991. தம்போலாவில் 91 கிடையாது. அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணையாக நின்றார். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். இந்தியாவில் மகளிர் தினத்துக்கு இவ்வளவு உரிமையுள்ள ஊர்கள் அதிகம் இல்லை. அந்த நாளில் இங்கே வளையல் படமும் லிப்ஸ்டிக் படமும் போட்ட சீட்டில் ஆடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அன்றைக்கு எண்ணை விட்டுவிட்டுச் சொல்லுக்கு மாறுங்கள். நாலுக்கு நாலு, 16 கட்டம். சொற்களைச் சங்கத்துப் பெண்களே சொல்லட்டும்: கேரியர், பெடல், மணி, குரங்குப் பெடல், தண்ணீர்க் குடம், கையெழுத்து, சிலேட்டு, குவாரி, முதல் சம்பளம், பஞ்சர், வாடகை சைக்கிள், பின்னால் உட்கார்ந்த பிள்ளை. பட்டியல் 16-ஓடு நின்றால் எல்லாச் சீட்டிலும் அதே 16 சொல் இருக்கும், கடைசிச் சொல் வந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக ஹவுஸ் கேட்பார்கள். குறைந்தது 30 சொல் சேருங்கள். ஒவ்வொருவரும் அதிலிருந்து தனக்குப் பிடித்த 16-ஐத் தன் கையாலேயே கட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும். அறிவொளி வகுப்பில் முதன்முதலில் பெயர் எழுதப் பழகியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

விதி ஒன்று கூடுதலாக வேண்டும். 'குரங்குப் பெடல்' என்று கூப்பிட்டால், அந்தக் கட்டம் வைத்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து, தனக்கு யார் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சைக்கிள் பழக்கினார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மொச்சையை வைக்க வேண்டும். இப்படி ஆடினால் ஒரு ஆட்டம் முடியவே ஒன்றரை மணி நேரம் ஆகும். நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடம் விட்டு, சிறப்பு விருந்தினர் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: பரமபதப் படம்)