மலிவுக் காரின் கிளட்சை வீட்டிலேயே மாத்தலாமா?

இந்தக் கிழமை எபிசோட்டில் பழைய கார்களைப் பற்றிக் கதைக்கும்போது, "கிளட்ச் போனால் காரே போன மாதிரித்தானே?" என்ற கேள்விக்கு இரண்டு நிமிசத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டோம். அது காணாது. இது எழுதிச் சொல்லவேண்டிய விசயம்.

உதாரணத்துக்கு நிசான் மைக்ராவை எடுப்போம். 2014 இல் அது கனடாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 9,998 டொலர். மெக்சிகோவில் செய்தது, அமெரிக்காவில் விற்கவேயில்லை, 2019 உடன் இங்கேயும் நிறுத்திவிட்டார்கள். கியூபெக்கில் அதுக்குத் தனி மவுசு. 2015 இல் இந்தக் காரை மட்டும் வைத்து 'மைக்ரா கப்' என்று ஒரு பந்தயத் தொடரே தொடங்கினார்கள். ஆரம்ப விலைக்காரில் ஐந்து கியர், கையால் போடவேணும். இப்ப அந்தக் கார்கள்தான் முதல் வேலை கிடைத்த ஆக்களின் கைக்கு வருகின்றன. துறைமுகம் பக்கம் நோத்ர-டாம் வீதியில் கொன்ரெயினர் லொறிகளுக்குப் பின்னால் நிண்டு நிண்டு ஓடிய கார் என்றால் கிளட்ச் இன்னும் கெதியாகத் தேய்ந்திருக்கும். நெடுஞ்சாலையில் ஓடிய கார் அதே கிலோமீற்றருக்கு நல்லாக இருக்கும். மீற்றரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதேங்கோ.

கிளட்ச் என்ன செய்கிறது? எஞ்சின் எப்பவும் சுத்திக்கொண்டிருக்கும், சில்லு சிலவேளை நிக்கவேணும். இரண்டையும் தேவைக்குப் பிரிக்கவும் சேர்க்கவும் நடுவில் ஒரு தட்டு. எஞ்சின் பக்கம் ஃப்ளைவீல் என்ற பாரமான இரும்புச் சக்கரம். கியர்பொக்ஸ் பக்கத்துத் தண்டில் உராய்வுத் தட்டு. அந்தத் தட்டை ஃப்ளைவீலோடு ஸ்பிரிங்கால் அமத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நீங்கள் பெடலை மிதித்தால் ஒரு பெயரிங் ஸ்பிரிங்கின் நடுவைத் தள்ளும், பிடி விடும். காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். அவ்வளவுதான். சிவப்பு விளக்கில் பெடலை மிதித்தபடியே நிக்கிற பழக்கம் அந்தப் பெயரிங்கைத் தின்னும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அரை கிளட்சில் காரை நிப்பாட்டி வைத்திருப்பது தட்டைத் தின்னும். ஊரில் லொறி ஓடின உங்கட மாமாவைக் கேட்டால் இதை எங்களைவிட நல்லாச் சொல்லுவார்.

கிளட்ச்தான் பிழையா என்பதை முதலில் உறுதிப்படுத்தவேணும். மணிக்கு ஐம்பது, அறுபதில் நாலாவது கியரில் போகும்போது அக்சிலரேற்றரை நல்லா அமத்திப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது. கருகின மணமும் வரும். கியர் விழமாட்டேன் என்று அடம்பிடித்தால் அது வேற கதை. அங்கே கிளட்ச் பிரியவில்லை, காரணம் வெறும் ஹைட்ரோலிக் கசிவாக இருக்கலாம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே திரவத் தொட்டிதான். முதலில் அதன் மட்டத்தைப் பாருங்கள். இருபது டொலர் வேலைக்குக் கியர்பொக்ஸைக் கழட்டவேண்டாம்.

இனிக் காசு. ஒரு சின்னக் காருக்குத் தட்டு, பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றும் சேர்ந்த கிட் இருநூறு டொலர் அங்கால இங்கால வரும். வலியோ, எக்செடி போன்ற பெயர்களைப் பார்த்து வாங்கலாம். கராஜில் கேட்டால் மொத்தமாக ஆயிரத்துக்கு மேலே சொல்லுவார்கள். அது கொள்ளை இல்லை. கிளட்ச் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது, அதைத் தொட கியர்பொக்ஸை முழுக்க இறக்கவேணும். தட்டு மாத்துவது அரை மணித்தியாலம், அங்கே போய்ச் சேர்வதும் திரும்பி வருவதும்தான் ஒரு நாள். எங்கட வேலையிலும் அப்படித்தானே, மாத்துகிற கோட் மூன்று வரி, அந்த மூன்று வரியைக் கண்டுபிடிக்க மூன்று நாள். முதன்முறை செய்கிற ஆளுக்கு ஒரு முழு வாரவிடுமுறை என்று வையுங்கள். கார் இல்லாமல் திங்கள் வேலைக்குப் போக வழி இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

அதுக்கு முதல் காரின் அடியைப் பாருங்கள், ஏனென்றால் மொன்றியலில் காரைக் கொல்லுவது கிளட்ச் இல்லை, உப்பு. மடலேன் தீவுகளில் வெட்டியெடுக்கிற உப்பு கப்பலில் சென் லோரன்ஸ் ஆற்றால் ஏறி வந்து, குளிர்காலம் முழுக்க எங்கட வீதியில் கொட்டப்படுகிறது. முன் சப்ஃப்ரேமை ஸ்குரூட்ரைவரால் தட்டிப் பாருங்கள். இரும்பு பொருக்குப் பொருக்காக விழுந்தால், அல்லது பிரேக் குழாய் வீங்கித் துருப்பிடித்திருந்தால், அந்தக் காருக்கு கிளட்ச் போடுவது வீண்செலவு.

கிளட்ச் போன காரை மலிவாக வாங்கித் திருத்த நினைக்கிற ஆக்களுக்கும் ஒன்று. 2023 டிசம்பருக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் 'புரொஜெக்ட் வெக்டர்' என்ற நடவடிக்கையில் மொன்றியல் துறைமுகத்தில் மட்டும் 598 களவு வாகனங்களைக் கொன்ரெயினர்களில் இருந்து மீட்டார்கள். பெரும்பாலும் பெரிய எஸ்யூவியும் பிக்கப்பும்தான், கிளட்ச் போன மைக்ராவை ஆரும் கடல் கடத்தப் போறதில்லை. ஆனாலும் களவுக் கார் எல்லாம் கப்பல் ஏறுவதில்லை, சிலதுக்கு இலக்கம் மாத்தி உள்ளூரிலேயே விற்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே, கதவில், பத்திரத்தில் இருக்கிற வின் இலக்கம் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். கியூபெக்கின் ஆர்டிபிஆர்எம் பதிவேட்டில் கடன் ஏதும் இருக்கா என்றும் சில டொலரில் தேடலாம்.

இடம் அடுத்த பிரச்சினை. மூன்று மாடி அப்பார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு தெருவில் கியர்பொக்ஸ் இறக்கேலாது. லவாலில் பெரியப்பா வீட்டு கராஜ் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுகிற சுயசேவை கராஜ்கள் இருக்கின்றன. லிஃப்ட் இருக்கும், பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவரும் நிற்பார். முதல் முறைக்கு நான் அதைத்தான் சொல்லுவன். டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம் என்பதால் கன வீடுகளில் ஜாக் இருக்கும். ஜாக் காரைத் தூக்கத்தான், பிடித்து வைக்க இல்லை. கொங்கிறீட் தரை, நாலு ஜாக் ஸ்ராண்ட், கீழே போகமுதல் காரைப் பிடித்து நல்லா ஆட்டிப் பார்ப்பது. இதில் ஒன்று இல்லாவிட்டால் கராஜுக்கே குடுங்கோ. ஆயிரம் டொலருக்காக ஒரு கார் உங்கட நெஞ்சில விழவேண்டாம்.

வேலை இப்படிப் போகும். பற்றரியைக் கழட்டுவது முதல். காற்றுப் பெட்டி, பற்றரித் தட்டு, கியர் கேபிள்கள் வெளியே வரும். கியர்பொக்ஸ் ஒயிலை வடித்து, முன் சில்லுகளுக்குப் போகிற இரண்டு தண்டையும் உருவவேணும். துருப்பிடித்த போல்ற் இங்கேதான் உங்களைப் பிடிக்கும், முதல் நாள் இரவே அவைக்கு ஒயில் அடித்து வையுங்கள். எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மவுண்டைக் கழட்டி, சுத்திவர உள்ள போல்ற்றுகளை எடுத்தால் கியர்பொக்ஸ் பின்னால் வழுகி வரும். முப்பது கிலோவுக்கு மேல் பாரம், இரண்டு பேர் வேணும். ஒவ்வொன்றையும் கழட்டமுதல் படம் எடுங்கள், போல்ற்றுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இங்கே அன்டூ கிடையாது, படம்தான் உங்கட பேக்கப்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதேங்கோ. பழைய தட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தக் கல்நார் வெட்டியது இதே கியூபெக்கில்தான். இந்தியாவுக்குக்கூட விற்றார்கள், 2011, 2012 உடன்தான் சுரங்கங்கள் ஓய்ந்தன. கனடா 2018 கடைசியில் தடை செய்தது, 'அஸ்பெஸ்டோஸ்' என்ற ஊரே 2020 இல் பெயரை மாத்திக்கொண்டது. மைக்ராவில் அது இருக்க நியாயமில்லை, ஆனால் எங்கோ மலிவாக வாங்கிய தட்டை ஆர் போட்டார் என்று தெரியாது. மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

பழையதைக் கழட்டியதும் எஞ்சின் பக்கம் ஒயில் கசிவு இருக்கா என்று பாருங்கள். இருந்தால் பின் சீலையும் இப்பவே மாத்தவேணும், இல்லாவிட்டால் புதுத் தட்டிலும் ஒயில் பட்டு திரும்ப வழுக்கும். ஃப்ளைவீலில் வெடிப்போ நீலக் கறையோ இருந்தால் கடைந்தெடுக்கக் குடுக்கவேணும். சில கார்களில் ஹைட்ரோலிக் சிலிண்டர் பெயரிங்கோடு சேர்ந்து உள்ளேயே இருக்கும். அப்படியென்றால் அதையும் மாத்துங்கள், அது மட்டும் பழுதானால் இந்த வேலை முழுக்கத் திரும்பவும்.

புதுத் தட்டுக்கு முகம் உண்டு, எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்கவேணும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கிட்டோடு வருகிற பிளாஸ்ரிக் தண்டால் தட்டை நடுவில் நிப்பாட்டி, பிரஷர் பிளேட் போல்ற்றுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கட காரின் சேவிஸ் புத்தகத்தில் பாருங்கள், வீடியோக்காரர் சொல்லும் இலக்கத்தை நம்பாதேங்கோ.

கியர்பொக்ஸைத் திரும்ப ஏற்றுவதுதான் ஆக்களை அழவைக்கிற இடம். தண்டு தட்டின் பற்களுக்குள் போகும்வரை அதன் பாரத்தைத் தட்டில் தொங்கவிடாதேங்கோ, தட்டு நெளிஞ்சு போகும். இரண்டும் இடைவெளி இல்லாமல் கையாலேயே முட்டவேணும். ஒரு விரல் இடைவெளி நின்றால் போல்ற்றால் இழுத்து மூடப் பார்க்காமல், பின்னால் எடுத்துத் திரும்ப முயற்சியுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் கியர்பொக்ஸ் கூடே வெடிக்கும்.

எல்லாம் பூட்டினபிறகு கியர்பொக்ஸ் ஒயில் ஊற்ற மறக்கவேண்டாம். கிளட்ச் குழாயில் காற்று இருந்தால் வடித்துவிட்டு, சில்லு தரையில் படமுதலே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் புதுத் தட்டை இதமாக வைத்திருங்கள், டெகாரி நெடுஞ்சாலையில் பந்தயம் வேண்டாம். ஸ்ராண்ட் வாடகைக்கு எங்கே எடுக்கலாம், எந்த சுயசேவை கராஜில் லிஃப்ட் நல்லது என்று தெரிந்தவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, அடுத்த கிழமை சேர்த்து அனுப்புறம்.