நான்கு மணி நேரத்தின் கணக்கு

மாணவ மாணவியரே, வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வீடுகளில், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளச் செல்லும் தந்தையோ பாட்டியோ உள்ள வீடு உங்களுள் சிலருடையதாகவும் இருக்கக்கூடும். "அங்கே நன்றாகக் கவனிக்கிறார்களா?" என்று வினவினால், "நல்ல இடம், ஏ.சி. இருக்கிறது, நர்சுகள் அன்பாகப் பேசுகிறார்கள்" என்று விடை வரும். அன்பும் குளிர்ச்சியும் வேண்டத்தக்கவையே. ஆயினும் இவற்றைக் கொண்டு ஒரு நிலையத்தின் தரத்தை அளந்துவிட முடியாது. வேறு எதைக் கொண்டு அளப்பது?

முதலில் செய்யப்படும் காரியம் இன்னதென அறிந்துகொள்வோம். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்து, கழிவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீரிழிவாலும் இரத்தக் கொதிப்பாலும் அவை பழுதுபட்டால், யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. நுண்துளைச் சவ்வு ஒன்றின் ஒருபுறம் இரத்தத்தையும் மறுபுறம் தூய கரைசலையும் ஓடவிட்டால், கழிவு சவ்வைக் கடந்து கரைசலுக்குள் சென்றுவிடும். 'டயாலிசிஸ்' என்னும் பெயரைச் சவ்வுவழிப் பிரிப்புக்கு 1861-இல் இட்டவர் தாமஸ் கிரகாம் என்னும் வேதியியலறிஞர். அதனை மனிதருக்குப் பயன்படும் பொறியாக்கியவர் வில்லெம் கோல்ப். 1943-இல், செர்மானியர் பிடியிலிருந்த ஆலந்து நாட்டில், இறைச்சிக் குழலுக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோபேன் குழாயைக் கொண்டு அவர் அதனைச் செய்தார். முதலில் சிகிச்சை பெற்றவருள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல் அறுபத்தேழு வயது மூதாட்டி ஒருவர் கண் விழித்தார். அன்று தொடங்கிய முயற்சியே இன்று நம் தெருக்கோடி வரை வந்திருக்கிறது.

மருத்துவத்தின் தரத்தை அளப்பது எங்ஙனம் என்பதை முறையாக ஆராய்ந்தவர் அவெடிஸ் தோனபீடியன். 1966-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மூன்று கேள்விகளை முன்வைத்தது. இடமும் கருவியும் ஆளும் தக்கவாறு உள்ளனவா? செய்யவேண்டியதைச் செய்கிறார்களா? முடிவில் நோயாளி நலம் பெற்றாரா? பள்ளி ஆய்வாளர் வரும்போது கட்டடத்தையும் பாடம் நடத்துவதையும் தேர்ச்சியையும் பார்ப்பார் அன்றோ? அதுபோன்றதே இதுவும்.

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைப் பற்றிப் பேசவேண்டும். ஏனெனில் பலரும் மறந்துவிடுவது அதைத்தான். சவ்வின் மறுபுறம் நிமிடத்துக்கு அரை லிட்டர் கரைசல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மும்முறையெனின் 360 லிட்டர். நாம் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் பருகினாலும் வாரத்துக்குப் பதினான்கு லிட்டர்தான் ஆகும். நாம் குடிப்பதைக் குடல் ஓரளவு காவல் காக்கிறது. டயாலிசிஸ் நீருக்கும் இரத்தத்துக்கும் இடையே மெல்லிய சவ்வைத் தவிர வேறு காவல் இல்லை. குடிநீரைக் காக்கும் குளோரினே இங்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஆகவே கரி வடிகட்டியும், அதற்கு மேல் எதிர்ச் சவ்வூடு பரவல் பொறியும், அஃதாவது 'ஆர்.ஓ.'வும், இன்றியமையாதவை. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்க அமைத்த ஆலையும் இதே தத்துவத்தைக் கொண்டதே. 1996-இல் பிரேசில் நாட்டுக் கருவாரு நகரத்து நிலையமொன்றில், நீர்ப்பாசியின் நச்சு கலந்த தண்ணீரால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர். எனவே, குளோரின் சோதனையை எத்தனை முறை செய்கிறீர்கள், கிருமிச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, பதிவேட்டைக் காட்ட இயலுமா என்று கேட்பதில் தவறில்லை. முறையாக நடக்கும் நிலையம் அதற்கு முகம் சுளிக்காது.

அடுத்தது நேரம். நலமுள்ள சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. பொறிக்கு நாம் தருவதோ பன்னிரண்டு மணி நேரந்தான். அதிலும் குறைந்தால்? காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மையாரை எண்ணிக்கொள்வோம். அடுத்த முறைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அரை மணி முன்னதாக முடித்துவிடுகிறார்கள். அம்மையாருக்கும் மகிழ்ச்சிதான், கூடையைத் தூக்கச் சீக்கிரம் போகலாம். ஆண்டுக்கு 156 முறை. முறைக்கு அரை மணி. மொத்தம் 78 மணி. ஏறத்தாழ இருபது முழுச் சிகிச்சைகளை அவர் இழந்துவிட்டார். உடலில் தேங்கிய நீரைக் குறைந்த நேரத்தில் இழுத்தெடுப்பதால் கெண்டைக்கால் பிடிப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வேறு வரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கித் தாமதமாக வருவோரும் உண்டு. அந்த அரை மணியைத் திரும்பத் தருகிறார்களா, அல்லது கழித்துவிடுகிறார்களா என்பதே நிலையத்தின் மனப்பான்மையைக் காட்டிவிடும்.

பயனை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. சிகிச்சைக்கு முன் இரத்தத்தில் யூரியா 150. பின் 50 என்க. குறைந்தது 100. நூற்றுக்கு எத்தனை என்றால் ஏறத்தாழ 67. குறைந்தபட்சம் 65 வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆகவே இது தேர்ச்சி. முன் 140, பின் 63 என்றால் 55 தான்; இது தேறாது. இதனை மாதத்துக்கு ஒரு முறையேனும் கணித்துச் சொல்லும் நிலையம் தன் வேலையைத் தானே திருத்திக்கொள்ளத் தெரிந்த நிலையம். இரத்தத்தை எடுத்த முறை பிழையானால் எண்ணும் பொய் சொல்லும் என்பதையும் மறவற்க. ஹீமோகுளோபின், கையில் பிஸ்துலா உள்ளதா அன்றிக் கழுத்துக் குழாயே நீடிக்கிறதா என்பனவும் பார்க்கத்தக்கவை. கழுத்துக் குழாய் நெடுநாள் இருப்பின் கிருமித் தொற்று எளிதில் வரும்.

தொற்றைப் பற்றி ஒரு சொல். ஈரல் அழற்சி 'பி' உடையோருக்குத் தனிப் பொறி ஒதுக்குவது கட்டாயம். ஒருவருக்குரிய டயலைசரைக் கழுவி அவருக்கே மீண்டும் பயன்படுத்துவது நம் நாட்டில் வழக்கம். அதன் மேல் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, மாட்டுமுன் படித்துப் பார்க்கிறார்களா என்று நோக்குக. நர்சு ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் செல்லும்போது கையுறை மாற்றிக் கைகழுவுகிறாரா என்பதைப் பத்து வயதுச் சிறுவனும் கண்டுகொள்வான்.

இனி, நான் ஆசிரியத் தொழிலில் கற்ற ஓர் எச்சரிக்கை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிய பள்ளி ஒன்றை அறிவேன். மெலிந்த மாணவரைப் பத்தாம் வகுப்புக்கு வரவிடாமலே நிறுத்திவிடுவார்கள். நிலையங்களுக்கும் இது பொருந்தும். கடுமையான நோயாளிகளை ஏற்காத இடத்தில் இறப்பு குறைவாகத்தான் இருக்கும். பஞ்ச காலத்தில் கஞ்சி வார்த்த சத்திரத்தின் வழிவந்ததால் 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' எனப்படும் நம் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு, நோய் முற்றிய நிலையிலும் மக்கள் வருகிறார்கள். அவர்களை ஏற்கவே வேண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது நீதியன்று. வயதையும் உடன் உள்ள பிற நோய்களையும் கணக்கில் கொண்ட பின்னரே முடிவுகளை ஒப்பிடுதல் வேண்டும்.

தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை இடம்பெற்றுள்ளது. பொதுப்பணம் செலவாகும் இடத்தில் கேள்வி கேட்க நமக்கு உரிமையுண்டு. வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் இருப்பின், நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி ஐந்து கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முன் எடை, பின் எடை, மாதாந்திர யூரியா விகிதம். பெரியவர்களுக்குக் கண் மங்கலாயிருக்கும். எழுதும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அந்தக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.