ஆணி அடிக்காத கப்பல்

ஓர் ஆணிகூட அடிக்காமல் பலகைகளைத் தைத்தே கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று நம் சிங்கப்பூருக்கு வந்தது, தெரியுமா?

2010ஆம் ஆண்டு ஓமானிலிருந்து வந்த அதன் பெயர் ஜூவல் ஆஃப் மஸ்கட். தைத்தது எதனால் தெரியுமா? தேங்காய் நார்க் கயிற்றால்! கொச்சி, காலி, பினாங்கு என்று துறைமுகம் துறைமுகமாக நின்று வந்தது. நடுவழியில் பாய்மரம் விரிசல் விட, இலங்கையில் புதுமரம் நட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். என்ன துணிச்சல்!

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் பெலித்துங் தீவருகே மூழ்கிய ஓர் அரபுக் கப்பல்தான் இதற்கு முன்மாதிரி. அந்தப் பழைய கப்பலில் கிடைத்த சீனக் கிண்ணங்களை, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து கொஞ்ச தூரம்தான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்!