பாட்டரிப் பொம்மைகளும் வீட்டு மின்சாரமும்

விலை கொடுத்து வாங்கிய பாட்டரிப் பொம்மை இரண்டு வாரத்தில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுவது பல வீடுகளில் கண்கூடு. பொம்மை பழுதாவதில்லை, அதனுள் இருக்கும் மின்கலங்கள் தீர்ந்துவிடுகின்றன. பள்ளிகளிலும் இதே நிலைதான். பற்சக்கரங்களின் இயக்கத்தை விளக்குவதற்காக ஆசிரியர் மேசைமீது வைத்திருக்கும் சிறு கிரேன், பாடம் நடத்த வேண்டிய நாளன்று அசைய மறுக்கும். சுவரிலே மின்சாரம் இருக்கக் கடையில் மின்கலம் வாங்குவானேன் என்ற எண்ணம் அப்போது எழுவது இயல்பே. எண்ணம் தவறானதன்று. ஆயினும் அதனை நிறைவேற்றும் வழிகளுள் சில, பொம்மை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் உயிரைக் கவரக் கூடியவை.

சிக்கனத்தைக் கருதினால், சுவர் மின்சாரத்திற்கு நிகரே இல்லை. பேச்சு வழக்கில் பென்சில் செல் எனப்படும் சாதாரணத் துத்தநாக மின்கலம், தன் வாழ்நாள் முழுவதும் தரும் சக்தி ஏறத்தாழ ஒரு வாட்-மணி. ஆல்கலைன் வகை இதனைப் போல் இரண்டு மூன்று மடங்கு தரும். மின்சாரக் கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்று குறிக்கப்படுவதோ ஆயிரம் வாட்-மணி. கூடை கூடையாக மின்கலங்களை வாங்கினால்தான் ஒரு யூனிட்டுக்கு ஈடாகும்.

ஆனால் மின்கலத்துக்குச் சில நற்குணங்கள் உண்டு. விலையைக் கணக்கிடுவோர் அவற்றை மறந்துவிடுகின்றனர். 1866-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் லெக்லாஞ்சே அமைத்த கலத்தின் வழிவந்த இம்மின்கலம் 1.5 வோல்ட் அழுத்தமே உடையது. நான்கினைத் தொடராக இணைத்தாலும் 6 வோல்ட்தான். மின்னோட்டம் எப்போதும் ஒரே திசையிற் செல்லும். எல்லாவற்றிலும் மேலாக, மின்கலம் எந்தக் கம்பத்துடனும் பூமியுடனும் தொடர்பற்றுத் தனித்து நிற்கிறது. சுவரில் உள்ளதோ 230 வோல்ட் அழுத்தமும், விநாடிக்கு 50 சுற்றாகத் திசை மாறும் ஓட்டமும் கொண்டது. ஆகவே, மின்கலத்தின் இடத்தில் அதனை அமர்த்த மூன்று மாற்றங்கள் தேவை: அழுத்தத்தைக் குறைத்தல், ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தல், பொம்மையைச் சுவர் மின்சாரத்தினின்று முற்றிலும் பிரித்துவைத்தல். முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடும் ஏற்பாடுகளே ஆபத்தானவை.

பிரித்துவைத்தல் ஏன் அவசியம்? வீட்டிற்கு வரும் இரு கம்பிகளுள் நியூட்ரல் எனப்படுவது, தெருவோர டிரான்ஸ்பார்மர் நிலையத்தில் பூமியுடன் இணைக்கப்பட்டுள்ளது. எனவே, தரையில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவர், தம்மை அறியாமலே, மின்சுற்றின் ஒரு முனையைத் தொட்டவண்ணமே நிற்கிறார். மறுமுனையுடன் தொடர்புள்ள எந்த உலோகத்தையும் அவர் ஒரு விரலால் தீண்டினால் போதும். சுற்று நிறைவு பெற்றுவிடும். ஈரத் தோலும் ஈரத் தரையுமாக இருப்பின், உடலின் வழியே நூறு மில்லி ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். இதில் மூன்றிலொரு பங்கான 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி, வீடுகளில் பொருத்தும் கசிவுக் காப்புச் சாதனம் அமைக்கப்பட்டுள்ளது என்பதிலிருந்தே அவ்வளவின் கொடுமையை உணரலாம்.

கைத்திறன் மிக்க மாணவர் முதலில் நாடும் வழி, ஒரு மின்விளக்கைத் தொடராக இணைப்பதாகும். அறுபது வாட் குமிழ் விளக்கு 0.26 ஆம்பியர் அளவு ஓட்டத்தை விடும்; சிறு பொம்மை மோட்டாருக்கு வேண்டுவதும் ஏறக்குறைய அவ்வளவே. பொம்மை ஓடும், விளக்கும் எரியும், செய்தவர் மகிழ்ச்சியடைவார். ஆனால் மோட்டாரினுள் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனாலும், அதன் முனைகளுக்கிடையே 230 வோல்ட்டும் வந்து நின்றுவிடும். இருமுனைப் பிளக்கைத் திருப்பிச் செருகினாலோ, பொம்மை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் உலோகப் பகுதிகள் முழு அழுத்தத்தில் இருக்கும். இடையே விளக்கு இருக்கிறதே, அது தடுக்காதா எனில், தடுக்காது. கால் ஆம்பியரைத் தாராளமாக விடும் விளக்கு, உயிரைப் போக்கும் நூறு மில்லி ஆம்பியரையா தடுக்கப்போகிறது!

இது கற்பனை அச்சமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் விற்கப்பட்ட விளையாட்டு ரயில்களுள் சில, இவ்வாறு விளக்கின் வழியாகவே வீட்டு மின்சாரத்துடன் இணைக்கப்பட்டன. குழந்தைகள் கைவைக்கும் தண்டவாளமே மின்கம்பியாக இருந்தது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. மார்க்ளின் நிறுவனம் 1926-இல் டிரான்ஸ்பார்மர் வழியாக 20 வோல்ட்டில் இயங்கும் ரயில்களைக் கொண்டுவந்தது.

விளக்கு மறைந்தாலும் அதன் தத்துவம் மறையவில்லை. இன்று அதே வேலையைக் கண்டென்சர் செய்கிறது. மாறு மின்னோட்டத்தைக் கண்டென்சர் ஓர் அளவுக்குமேல் விடாது. ஒரு மைக்ரோபாரட் கண்டென்சர் சுமார் 70 மில்லி ஆம்பியர் விடும். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடமும் கொஞ்சமே, விலையும் மலிவு. ஆதலால் கொசு மட்டை, சார்ஜ் ஏற்றும் டார்ச் விளக்கு ஆகிய மலிவுப் பொருள்கள் பலவற்றில் இது காணப்படுகிறது. மூடிய பெட்டிக்குள் இருக்கும்வரை இதனால் கேடில்லை. அப்பெட்டியைப் பிரித்து, உள்ளிருக்கும் சுற்றினை எடுத்துப் பொம்மைக்குப் பூட்டுவதே கேடு. வெளிவரும் இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் அடக்கமாக 6 வோல்ட் காட்டும். அவ்விரு கம்பிகளுக்கும் பூமிக்கும் இடையே உள்ளதை அந்த அளவு தெரிவிப்பதில்லை. அங்கே 230 வோல்ட் இருக்கலாம்.

முறையான வழி டிரான்ஸ்பார்மர். 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. இரும்புத் தகடுகளின்மீது சுற்றப்பட்ட இரு சுருள்களுள் முதலாவதிற் பாயும் மாறு மின்னோட்டம், இரும்பிற் காந்தப்புலத்தை ஏற்றி இறக்குகிறது; அந்த ஏற்ற இறக்கம் இரண்டாவது சுருளில் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. சக்தி கடந்து செல்கிறது; கம்பி கடந்து செல்வதில்லை. எனவே இரண்டாவது சுருளின் எந்த முனையைத் தொட்டாலும் பூமியின் வழியே சுற்று நிறைவு பெறாது. பள்ளி ஆய்வுக்கூடங்களில் உள்ள பாட்டரி எலிமினேட்டர் இத்தகையதே. 2, 4, 6 எனப் படிப்படியாக அழுத்தத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி அதில் இருப்பதால், மேசைமீது வைத்து இயக்கும் மாதிரிகளுக்கு அதனைவிட ஏற்றது வேறில்லை.

ஆய்வுக்கூடத்தில் அதன் அருகிலேயே, கைப்பிடியைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல வேரியாக் என்னும் சாதனமும் இருக்கலாம். அதுவும் டிரான்ஸ்பார்மர்தானே என்று கருதி, முள்ளை ஆறில் நிறுத்திப் பொம்மைக்கு இணைப்பது பெருந்தவறு. அதில் இருப்பது ஒரே சுருள். உள்வருவதும் வெளிச்செல்வதும் அதே கம்பியின் பகுதிகளே. பெயர் டிரான்ஸ்பார்மர், பிரித்துவைக்கும் குணமோ அதற்குக் கிடையாது.

இக்காலத்துக் கைபேசி சார்ஜரும் சிறு அடாப்டரும், ஓட்டத்தை முதலில் விநாடிக்குப் பல்லாயிரம் சுற்றாக மாற்றி, சிறிய டிரான்ஸ்பார்மர் வழியே செலுத்துகின்றன. செய்நேர்த்தியுள்ளவற்றில் பிரிப்பு முழுமையானது. அவற்றை இணைத்த கருவியைத் தடவும்போது சிலருக்குத் தோன்றும் இலேசான கூச்சம், இரைச்சலை அடக்குவதற்கென உள்ளே வைத்த சிறு கண்டென்சரின் வழியாகக் கசியும் அற்ப மின்னோட்டத்தால் விளைவது. ஆனால் போலிச் சரக்கில் சுருள்களுக்கிடையே போதிய காப்பு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ளதையே வாங்குதல் வேண்டும்.

அடாப்டரைப் பொம்மைக்குப் பொருத்துமுன் மின்கலங்களை எண்ணி ஒன்றரையாற் பெருக்கினால் வேண்டிய அழுத்தம் கிடைக்கும். மூன்று செல் பொம்மைக்கு 4.5 வோல்ட்; நான்கிற்கு 6. கைபேசி சார்ஜரின் 5 வோல்ட் இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் பொருந்திவிடும். நிலைப்படுத்தப்படாத பழைய அடாப்டர்கள், 6 வோல்ட் என அச்சிட்டிருந்தும் சுமை குறைவாயிருக்கையில் 9 வோல்ட்டும் தரக்கூடும். ஒலி எழுப்பும் சில்லுள்ள பொம்மை அதனைத் தாங்காது. அச்சிட்டுள்ள ஆம்பியர் அளவு தேவைக்கு மேற்பட்டிருப்பதில் குற்றமில்லை. பொம்மை தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். ஓட்டத்தில் 300 மில்லி ஆம்பியர் எடுக்கும் மோட்டார், புறப்படும்போது ஓர் ஆம்பியருக்கு மேலும் இழுக்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்க. நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிவிட்டால் வெறும் மோட்டார் பின்னோக்கிச் சுழலும். சில்லுள்ள பொம்மையோ கெட்டுப்போகும்.

பொம்மையைத் துளையிடாமலே இணைப்பதற்கு எளிய உபாயம் உண்டு. பென்சில் செல்லின் அளவான 14.5 மில்லிமீட்டர் குறுக்களவும் 50.5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள இரு மரக் கட்டைகளைச் சீவி, ஒவ்வொன்றின் ஒரு முனையில் பித்தளைத் திருகாணி முடுக்கி, அதில் கம்பியைப் பற்றவைக்க வேண்டும். ஒரு கட்டையைப் பெட்டியின் நேர்முனைக் கடைசியிலும் மற்றதை எதிர்முனைக் கடைசியிலும், திருகாணி உலோகத் தகட்டைத் தொடும்படி, பொருத்திவிட்டால் போதும். இடையிலுள்ள இடங்கள் காலியாக இருக்கட்டும். பழைய மின்கலங்களை உள்ளேயே விட்டு இணைக்கலாகாது. அடாப்டர் அவற்றிற்கு மின்னேற்ற முயலும். அவை கசியும், சில சமயம் வெடிக்கவும் செய்யும்.

மின்கலம் தீர்வதே பொம்மைக்கு ஓய்வாக இருந்தது என்பது பின்னரே புலப்படும். சில நிமிட ஓட்டத்திற்கென அமைந்த மோட்டார், தீராத மின்சாரம் கிடைத்ததும் ஓயாமல் ஓடிச் சூடேறிக் கருகும். பத்து நிமிடத்திற்கொரு முறை தொட்டுப் பார்த்து, சூடாயிருப்பின் நிறுத்திவிடுக. ஓடித்திரியும் கார், நீரில் மிதக்கும் படகு, தொட்டிலின்மேல் தொங்கும் பொம்மை ஆகியவற்றிற்குக் கம்பி இணைப்பே கூடாது. அவற்றிற்கு மின்னேற்றக் கூடிய மின்கலங்களைப் பயன்படுத்தி, வெளியே எடுத்து மின்னேற்றிக்கொள்வதே தக்கது.

2020-இல் பிறப்பிக்கப்பட்டு 2021 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, மின்பொம்மைகள் ஐ.எஸ். 15644 என்னும் தரத்திற்கு உட்பட வேண்டும். பொம்மையின் அழுத்தம் 24 வோல்ட்டைத் தாண்டலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அடாப்டர் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்க, மெல்லழுத்தக் கம்பி மட்டுமே கீழே இறங்கி வரட்டும். சுவர்ச் சாக்கெட்டில் செருகுவதும் எடுப்பதும் பெரியவர் கையால் நடைபெறுதல் வேண்டும்.