படிவத்தில் பெயர் எழுதுதல்

தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து குடியேறுவோர் முதல் வாரத்திலேயே பல படிவங்களை நிரப்ப வேண்டியுள்ளது. வங்கி, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுபவை பெயரும் முகவரியும்.

முகவரியில் இடர் குறைவு. 1995 முதல் இங்கு வழங்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே கட்டடத்தைக் குறிக்கும். தரைத்தளத்தையே முதல் மாடியாக எண்ணுவதால், 05 எனத் தொடங்கும் வீடு தமிழகக் கணக்கில் நான்காம் மாடியில் உள்ளது. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் இதனைச் சொல்லிவைப்பது நலம்.

பெயர்தான் சிக்கலானது. தமிழர் பெயரமைப்பில் குடும்பப்பெயர் என்னும் உறுப்பு பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவதே தமிழக வழக்கு. கடவுச்சீட்டோ குடும்பப்பெயருக்கும் இயற்பெயருக்கும் தனித்தனி இடம் வைத்துள்ளது. சுப்பையாவின் மகன் கண்ணன், குடும்பப்பெயருக்குரிய இடத்தில் தந்தை பெயரை நிரப்பினார் என்று கொள்வோம். அலுவலகத்தில் அவரைச் 'சுப்பையா' என அழைப்பர். அந்தக் 'குடும்பப்பெயரை' அவர் தம் குழந்தைக்கும் இட்டால், பாட்டன் பெயர் பேரனுக்குச் சேர்ந்து, தந்தையின் பெயர் மறைந்துவிடும்.

இங்குப் பல தலைமுறையாக வாழும் தமிழர் இதனை வேறு வகையில் தீர்த்துக்கொண்டனர். பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே சிங்கப்பூரில் மகன், மகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கங்களை இடுவர். மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கங்களை இடுவர். பழைய வழக்கம் என்று இன்று சிலர் இதனைத் தவிர்க்கின்றனர். எம் கருத்தில் இது நம் பெயரிலக்கணத்தைச் சிதைக்காத நல்ல ஏற்பாடு.

எழுத்துப்பெயர்ப்பிலும் கவனம் வேண்டும். தமிழில் வல்லின எழுத்து ஒன்றே இடத்திற்கேற்ப வெவ்வேறு ஒலி பெறும். ழகரத்திற்கு ரோமன் வரிவடிவில் நேர் எழுத்தே இல்லை. ஆதலால் 'தமிழரசி' என்னும் பெயர் பட்டச் சான்றிதழில் ஒருவிதமாகவும் திருமணச் சான்றிதழில் வேறுவிதமாகவும் அமைதல் அரிதன்று. கணினிக்கு அவ்விருவரும் வெவ்வேறு மனிதர். எனவே புறப்படும் முன்பே கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுக. வேறுபாடு இருப்பின் ஊரில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. பெயர்மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடவும் வழியுண்டு.

சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிய வேண்டும். குழந்தை பெயரின் ரோமன் வடிவையும், தந்தை பெயர் எவ்விடத்தில் வரவேண்டும் என்பதையும் பேறுகாலத்துக்கு முன்பே பெற்றோர் முடிவு செய்தல் நன்று. மூத்தோர் பெயரை உரக்கச் சொல்லி மகிழ்வர். எழுதிப் பார்ப்பவர் சிலரே.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. புதிதாகச் சேர்ந்த மாணவன், வருகைப் பதிவில் தன் தந்தை பெயர் அழைக்கப்படும்போது எழுந்து நிற்கத் தயங்குவான். 'வீட்டில் உன்னை எவ்வாறு அழைப்பர்?' என்று முதல் நாளே கேட்டு, அப்பெயரைப் பதிவேட்டின் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்ளலாம்.